கடிவாளம் அவிழ்ந்த நேரங்கள்

கடிவாளம் மறுபடியும் அவிழ்ந்துவிட்டது. மணி பதினொன்று எட்டு.

கை வழக்கம்போல் தானாகப் போய் மேசைமேல் கிடந்த போனை எடுத்தது. கட்டைவிரல் வழக்கம்போல் தானாக மெசேஜ் பக்கத்தைத் தொட்டது. சாம்பல் நிறத் திரையில் ஒரு குதிரை கண்ணை மூடிக்கொண்டு நிற்க, அதன் கீழே 'இப்போது வேண்டாம். வேலையைப் பாருங்கள்' என்று வந்திருக்க வேண்டும். கடிவாளம் என்ற அந்தச் செயலிக்கு வேலையே அதுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, மனிதரை வேலை செய்யவிடாத எல்லாவற்றையும் பூட்டி வைக்கும். ஆனால் குதிரையைக் காணோம். மெசேஜ் பக்கம் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரி விரிந்து கிடந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டாள். அக்காவின் பெயர் எங்கோ அடியில் இருந்தது. அக்காவின் படத்துக்குப் பதில் இன்னமும் அப்பாதான் சிரித்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு வரி இல்லை. ஐந்து மாதமாக வராதது இந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுமா என்ன? வராது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்க்கிறாள்.

அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் இருக்குமே, படிக்காமல் நாம் தூக்கிப் போடுவது, அதில் பிழை பார்ப்பது அவள் உத்தியோகம். சேர்ந்த புதிதில், குழந்தைகளுக்கான மருந்து ஒன்றில் 2.5 என்பது 25 என்று அச்சேறப் போனதை, இயந்திரம் ஓடப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிடித்தாள். அன்றிலிருந்து புள்ளி. பதினாறு வருஷம் அந்தப் பெயரைக் கட்டிக் காப்பாற்றினாள்.

போன மாதம் அது கப்பலேறியது. ஒரு களிம்புக்கான தாளில் எச்சரிக்கை வரி ஒன்று முழுசாக விடுபட்டிருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவள், அந்த நேரத்தில் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் அச்சாகி, மூட்டை கட்டி, வண்டியில் ஏறிய பிறகுதான் வேறு யாரோ கண்டுபிடித்தார்கள். மூட்டைகள் திரும்பி வந்து கூழாக்கப் போயின.

மேலாளர் அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மனுஷங்கதான், நடக்கும். ஆனா இன்னொரு தடவை நடந்தா என்னால மேல பதில் சொல்ல முடியாது. உங்களை இந்த ரூம்ல வச்சுக்க முடியாம போயிடும்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் தண்ணீர் டம்ளரை வேறு இவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று மாலையே புள்ளி கடிவாளத்தைத் தட்டி எழுப்பினாள். அது ஏற்கெனவே போனில் தூங்கிக்கொண்டிருந்ததுதான். போன வருஷம் அப்பா படுக்கையில் கிடந்தபோது, பக்கத்து மேசைக்காரர் போட்டுக் கொடுத்தது. அவர் அப்போது ஏதேதோ கேட்டார். இவள் ஒரு காதில் வாங்கிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். அப்பா போன பிறகு எதற்கும் மனசில்லாமல் அணைத்துப் போட்டிருந்தாள். இப்போது மறுபடி போட்டதும், 'பழைய அமைப்பே இருக்கட்டுமா?' என்று கேட்டது. இருந்து தொலையட்டும் என்று அழுத்தினாள்.

மறுநாளே ஆரம்பித்தது தகராறு. தினம் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, நினைத்த நேரத்துக்குப் பூட்டு திறந்துகொள்ளும். சரியாகப் பத்து நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி குதிரை வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். எப்போது திறக்கும் என்று தெரியாததால், திறந்திருக்கிறதா என்று பார்க்கவே அவள் போனை எடுக்க ஆரம்பித்தாள். நோய்க்கு மருந்து சாப்பிடப் போய் மருந்தே நோயான கதை.

"புள்ளி மேடம், ஆரம்பிக்கலாமா?" என்றார் மில்லிமீட்டர்.

போனைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்து மேசைக்காரர் இவர்தான். தாளின் ஓரமும் மடிப்புக்கோடும் சரியாக விழுகிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்து அளப்பவர். சட்டைப் பையில் பேனா இருக்குமோ இருக்காதோ, ஸ்கேல் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேசை விளிம்புக்கு நேராகத்தான் வைப்பார்.

முக்கியமான தாள்களை இருவராக உட்கார்ந்து பார்ப்பது அந்த அறையின் வழக்கம். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். கமா, அடைப்புக்குறி, புள்ளி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் படிப்பார். இன்னொருவர் அச்சுப் படியில் விரல் வைத்துத் தொடர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் 'ம்' சொல்ல வேண்டும். கேட்பவர் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக, படிப்பவர் நடுவில் எங்காவது சம்பந்தமில்லாத ஒரு சொல்லை நுழைப்பார். கேட்பவர் உடனே பிடிக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் மில்லிமீட்டர் எத்தனையோ சொற்களை நுழைத்துப் பார்த்திருக்கிறார். குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி. ஒன்றுகூட அவளைத் தாண்டியதில்லை.

"பெரியவர்களுக்கு, கமா, காலையில் ஒரு மாத்திரை, புள்ளி."

"ம்."

"உணவுக்குப் பின், கமா, தண்ணீருடன் விழுங்கவும், புள்ளி."

"ம்."

பதினொன்று பதினேழு. இன்னும் ஒரு நிமிஷத்தில் பூட்டிக்கொள்ளும். அதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன?

"இரவில், கமா, ஒரு யானை, புள்ளி."

"ம்."

மில்லிமீட்டர் படிப்பதை நிறுத்தினார். அவள் விரல் அடுத்த வரிக்குப் போயிருந்தது. அடுத்த வரி வராமல் போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்ன சார்?"

"ராத்திரிக்கு ஒரு யானையை முழுங்கச் சொன்னேன். சரின்னுட்டீங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஸ்கேலைத் தாளின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வலிப்பு மருந்துத் தாள் வருது. பச்சைக் குழந்தைங்களுக்கான அளவெல்லாம் அதுல இருக்கு. அன்னிக்கு யானை போயிடக் கூடாது" என்றார்.

அன்று திங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனைப் பிரித்து மேய்ந்தாள். கடிவாளத்தின் உதவிப் பக்கத்தில் பதினோரு வழிகள் சொல்லியிருந்தார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு செயலியைத் தூங்க வைத்துவிடலாம் என்றார்கள். அதை எடுத்தாள். பின்னணியில் ஓட அனுமதி இருக்கிறதா என்றார்கள். இருந்தது. போனை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஆத்திரத்தில் செயலியையே அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். அது மெனக்கெட்டு, 'உங்கள் பழைய அமைப்பு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கொண்டு வரட்டுமா?' என்று கேட்டது. அவ்வளவு விசுவாசம். கொண்டு வா என்றாள்.

எதிரில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரை அரைக்கண்ணால் பார்த்தாள்.

"நீங்க எதாவது நோண்டினீங்களா?"

"நானா?"

"என் போனை. எப்பவாவது எடுத்து?"

"என் போனையே நான் ரெண்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர்.

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். உலகத்தில் எது கெட்டுப் போனாலும் அவருக்கு அது லிப்ட்தான். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு அவிழுதுன்னு எழுதி வச்சியா?" என்றார்.

"எழுதி?"

"லிப்ட் சும்மா சும்மா மூணாவது மாடியில நிக்குதும்பாங்க. பேய் இருக்கு, மோட்டார் போச்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் ஒரு நோட்டு குடுத்து நேரத்த எழுதச் சொல்லுவேன். ஒரு வாரம் எழுதினா தெரிஞ்சிடும். லிப்ட் தானா நிக்காது. யாரோ பட்டன் அமுக்கியிருப்பாங்க. அவ்வளவுதான்."

"இதுல யாரு பட்டன் அமுக்கப் போறா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எழுதிப் பாரு" என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

எழுதினாள். செவ்வாய், பத்து நாற்பது. புதன், ஒன்பது ஐம்பத்தைந்து, அப்புறம் மூன்று இருபது. வியாழன், பன்னிரண்டு இரண்டு. பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி அந்தக் காகிதத்தையே முறைத்தாள். எண்களுக்குள் ஒரு ஒழுங்கும் இல்லை. எந்த மோட்டார் இப்படிக் கெடும்?

இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்து போனது. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் போன் மணி கேட்ட மாதிரி இருந்து, சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தாள். போன் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

அக்காவின் அழைப்பு என்றால் மணியிலேயே தெரிந்துவிடும். அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறவள். நாள் முழுக்கக் கை ஈரம். எழுதுவது எப்போதாவதுதான், ஈர விரலைத் திரை மதிக்காது. அதனால் குடும்பத்துக்கே ஒரு சட்டம் போட்டிருந்தாள். அவளைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும், பிறகு மறுபடி அடிக்க வேண்டும். முதல் ரிங் கை துடைக்க, இரண்டாவது ரிங் எடுக்க. நாளடைவில் அவளே மற்றவர்களைக் கூப்பிடும்போதும் அப்படித்தான் அடிப்பாள். ஒன்று விட்டு, கட் பண்ணி, மறுபடி. நடுவில் ஒரு குடுவை கழுவும் நேரம்.

ஐந்து மாதமாக அந்த மணி அடிக்கவில்லை.

அப்பா போய் ஒரு வாரம் ஆன நாள் அது. அக்கா வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாளில் அப்பா என்ன பேசினார் என்று யாரோ கேட்டார்கள். அக்கா இவளைக் கை காட்டி, "பக்கத்துலயே இவ உக்காந்திருந்தா. அப்பா தண்ணி கேட்டாரு. போன்ல இருந்து தலையைத் தூக்கல. உள்ளேருந்து நான் ஓடி வந்து குடுத்தேன்" என்றாள். கூடமே இவளைத் திரும்பிப் பார்த்தது. "எனக்குக் காதுல விழல" என்றாள் புள்ளி. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்த பஸ்ஸிலேயே அக்காவின் எண்ணுக்குத் தடை போட்டாள். போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் கோபம் ஆறி, வெட்கமாகப் போய், மெசேஜ் பக்கத்தைத் திறந்து அதை எடுத்தும் விட்டாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியவள் அவள். வயதிலும் பெரியவள். அவளே கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி அந்தப் பேச்சு வரும். மறுபடி காதில் விழவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஏன் வராது என்பதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வலிப்பு மருந்துத் தாளும் வந்தது. இரண்டு பக்கம் நெருக்கிப் பிடித்த எழுத்து. குழந்தையின் எடை வாரியாக அளவுகள், முப்பத்தாறு வரி. ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

மதியம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மில்லிமீட்டர் ஒரு தடவை 'தலையணை' என்றார், பிடித்தாள். 'தக்காளி' என்றார், அதையும் பிடித்தாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் அளவுகள். அதில் கை வைக்கும் முன் போனைத் தொட்டுப் பார்த்தாள். குதிரை இருந்தது. இருந்தது என்றாலும் நிம்மதி இல்லை. எந்த நிமிஷமும் ஓடிவிடக்கூடிய குதிரை.

"சார், பத்து நிமிஷம் குடுங்க. இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டு வந்துடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. சரி என்று தலையாட்டினார்.

மாடிப்படியில் உட்கார்ந்து கடிவாளத்தின் உதவி எண்ணுக்கு அடித்தாள். ஆறு நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். வேலையில் கவனம் சிதறாமல் இருக்க உதவும் நிறுவனம், காத்திருக்கிறவருக்கு ஆறு நிமிஷம் புல்லாங்குழல் வாசிக்கிறது. ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், சொல்லுங்க. போனை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. பேட்டரி பாத்தேன், அனுமதி பாத்தேன், அழிச்சுட்டு மறுபடி போட்டேன். பதினோரு வழியும் பாத்தாச்சு. பன்னெண்டாவது வழி எதாவது இருந்தா சொல்லுங்க. என் வேலையே போயிடும் போலிருக்கு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்க போன்ல 'பதிவை அனுப்பு'ன்னு கீழ ஒண்ணு இருக்கும், அழுத்துங்க. என்ன நடந்திருக்குன்னு நான் பாக்கறேன்" என்றாள்.

அழுத்தினாள். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம். அந்த அரை நிமிஷத்தில் புள்ளி படியின் விளிம்பில் இருந்த ரப்பரை நகத்தால் பெயர்த்து முடித்திருந்தாள்.

"உங்க ஆப் கெட்டுப் போகலைங்க" என்றது குரல். "சரியாத்தான் வேலை செய்யுது."

"சரியாவா? தினமும் அவிழுதே?"

"அதுக்குத்தான் சொல்லியிருக்கீங்க. அவசரப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. அதுல நீங்க போட்டிருக்கிற நம்பர்ல இருந்து அடுத்தடுத்து ரெண்டு தடவை கால் வந்தா, பத்து நிமிஷம் எல்லாத்தையும் திறந்து விடும். இந்தப் பதினேழு நாள்ல இருபத்தொரு தடவை திறந்திருக்கு. நேத்து பன்னெண்டு ரெண்டுக்கு. புதன்கிழமை மூணு இருபதுக்கு."

"யாரோட நம்பர்?"

"எங்களுக்கு முழு நம்பர் தெரியாதுங்க. பட்டியல்ல ஒரே ஒரு நம்பர்தான் இருக்கு. கடைசி ரெண்டு எண் நாற்பத்தேழு."

நாற்பத்தேழில் முடிவது அக்காவின் எண். அப்பா படுக்கையில் இருந்தபோது மில்லிமீட்டர் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. அவசரத்துக்கு யார் கூப்பிடுவாங்க மேடம்? எங்கக்கா சார். எத்தனை தடவை அடிச்சா திறக்கட்டும்? அவ ரெண்டு தடவை அடிப்பா சார்.

"ஆனா எனக்கு ஒரு காலும் வரலையேம்மா. மணியே அடிக்கல."

"வந்திருக்குங்க. உங்க போன் அந்த நம்பரைத் தடுத்து வச்சிருக்கு. அதனால உங்களுக்கு மணி அடிக்காது. எங்க ஆப்புக்கு மட்டும் தெரியும். அந்த நம்பரைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டா உங்க பிரச்சினை தீர்ந்துடும். நான் இங்கிருந்தே எடுத்துடவா?"

"வேண்டாம்மா" என்றாள் புள்ளி. "இருக்கட்டும்."

போன் எண்களுக்கான பக்கத்தைத் திறந்தாள். பஸ்ஸில் தடையைப் போட்டது இரண்டு இடத்தில். எடுத்தது மெசேஜ் பக்கத்தில் மட்டும். இங்கே எடுக்கவே இல்லை. பதினாறு வருஷமாக ஊரார் பிழையைத் தேடிப் பிடித்தவள், கையிலிருந்த போனில் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். 'தடுக்கப்பட்ட அழைப்புகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. தொட்டாள். அக்கா, அக்கா. அக்கா, அக்கா. இரண்டு இரண்டாக, ஒரு நிமிஷ இடைவெளியில். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. போன வாரம், போன மாதம், அதற்கும் முன்னால். பட்டியலின் அடியில் இருந்தது அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அதே நாள், மாலை ஆறு பத்து. அப்போது பஸ் அக்காவின் ஊரைத் தாண்டியிருக்காது.

லிப்ட் தானாக நிற்காது. யாரோ பட்டன் அமுக்கியிருப்பார்கள்.

தடையை எடுத்தாள். பிறகு அடித்தாள். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தாள். முதல் ரிங் பாதியில் இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லு" என்றாள் அக்கா. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தமும் கண்ணாடி மோதும் சத்தமும் கேட்டன.

"முதல் ரிங்லயே எடுத்துட்டே?"

"உன் பேரு வந்துச்சு. எடுத்துட்டேன்."

பேச வேண்டியது எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, நான் தடுத்து வச்சத எடுக்க மறந்துட்டேன். இன்னிக்குத்தான் பாத்தேன். சத்தியமா இன்னிக்குத்தான். நீ கூப்பிடவே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ஒரு ரிங் போகும், உடனே கட்டாயிடும். நீதான் கட் பண்றேன்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சும் ஏன் தினமும் அடிச்சே?"

"கட் பண்றதுக்காவது போனை எடுப்பே இல்ல. என் பேரப் பாப்பே இல்ல."

புள்ளி முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அவருக்காவது அடிச்சுச் சொல்லியிருக்கலாமேக்கா."

"உன் வீட்டுக்காரரை எதுக்கு நடுவுல இழுக்கறது? இது நீயும் நானும் பேச வேண்டியது."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். விரல் பத்தையும் விரித்துக் காட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பா தண்ணி கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு."

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா குழாயை மூடியிருக்க வேண்டும்.

"விழலைன்னு எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன். விழுந்துச்சு. 'ம், ஒரு நிமிஷம்பா'ன்னேன். போன்ல ஒரு வீடியோவுல யாரோ ஒருத்தி சோபாவுக்கு உறை மாத்திக்கிட்டிருந்தா, அதப் பாத்துட்டிருந்தேன். முன்னபின்ன தெரியாத எவளோ. அது முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்துட்டே."

சொல்லிவிட்டாள். ஐந்து மாதமாக எங்கேயும் உட்காரவிடாமல் அவளைத் துரத்தியது இதுதான். அக்கா திட்டட்டும் என்று போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"தெரியுமா?"

"நீ 'ஒரு நிமிஷம்பா'ன்னது உள்ள கேட்டுச்சு. நான் ஓடி வந்து உன்னைத் திட்ட வாயெடுத்தேன். அப்பாதான் கையைப் புடிச்சு, உனக்குக் கேக்காம, 'அவளைத் தொந்தரவு பண்ணாதே, ஆபீஸ் வேலையா இருக்கா, நீ குடு'ன்னாரு. ரெண்டு வாய் குடிச்சாரு. அவ்வளவு சின்ன எழுத்த நாள் பூராப் பாக்கறா, கண்ணு என்னத்துக்காகும்னாரு. அத முழுங்கிட்டு மீதிய மட்டும் நாலு பேர் முன்னாடி சொன்னேன். எனக்கு அன்னிக்கு யார் மேலயாவது கோபப்படணும்னு இருந்துச்சு. நீ வாசலத் தாண்டின உடனே நெஞ்சு அடைச்சுப் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே அடிச்சேன். இதச் சொல்லத்தான் அடிச்சிட்டிருக்கேன்."

புள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள், அவளைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். அக்காவும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இருக்கியா?" என்றாள் அக்கா.

"இருக்கேன்."

"கையெல்லாம் ஈரம். போன் உள்ள தண்ணி போகுது, உன் சத்தம் விட்டு விட்டு வருது. கையத் துடைச்சுட்டு வந்துடறேன். கட் பண்ணிடாதே."

"பண்ணலக்கா" என்றாள் புள்ளி. "நீ மெதுவா துடைச்சுட்டு வா."